சென்னையில் கல்லூரி ஹாக்கிப் போட்டி நடத்துவது எப்படி: தேதி குறிப்பதிலிருந்து மைதானத்தைத் திருப்பிக் கொடுப்பது வரை

போட்டி நடத்தலாம் என்று முடிவானதும் பல கல்லூரிகளில் முதலில் நடப்பது சிறப்பு விருந்தினருக்கு ஃபோன் போடுவது. அவர் ஒரு தேதி சொல்வார். அதை வைத்து அழைப்பிதழ் அடிப்பார்கள். அப்புறம்தான் அந்தத் தேதியில் டர்ஃப் (செயற்கைத் தரை ஹாக்கி மைதானம்) காலியா என்று கேட்க எழும்பூருக்கு ஆள் போகும். அன்றிலிருந்து போட்டி முடியும்வரை எல்லாமே ஓட்டம்தான்.

கல்லூரி உடற்கல்வித் துறையில் இருந்துகொண்டு சில போட்டிகளை நடத்தியிருக்கிறேன், இன்னும் சிலவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை பணம் இல்லாமல் கெடவில்லை, வரிசை தப்பியதால் கெட்டன. கீழே இருப்பது 8 அணிகள், 5 நாட்கள், ஒரே டர்ஃப் என்ற அளவுக்கான வரிசை. முதல்முறை நடத்துகிறவர்கள் இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம்.

1. மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்

சென்னை போட்டிக்கு ஏற்ற ஊரா என்று கேட்டால், எந்தச் சென்னை என்று திருப்பிக் கேட்பேன். எழும்பூரும் சென்னைதான், ஓ.எம்.ஆரில் இருக்கும் கல்லூரியும் சென்னைதான். ஆட்டக்காரனுக்கு இரண்டும் ஒன்றல்ல.

மைதானம், படுக்கை, சமையலறை, ரயில் நிலையம் ஆகிய நான்கும் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் ஒரு ஊரின் தகுதி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தின் பெரிய பலம் கேலரி இல்லை. எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்தில், சென்ட்ரல் கொஞ்ச தூரத்தில், கென்னட் லேனிலும் காந்தி இர்வின் சாலையிலும் வரிசையாக லாட்ஜுகள், பெரிய அரசு மருத்துவமனைகள் சில நிமிடத்தில். இந்த அமைப்புதான் பலம்.

உங்கள் கல்லூரி வண்டலூர்ப் பக்கம் இருந்தால், "எங்கள் ஹாஸ்டலிலேயே தங்க வைக்கிறோம், செலவு மிச்சம்" என்று நிர்வாகம் சொல்லும். காகிதத்தில் மிச்சம்தான். காலை 7 மணி ஆட்டத்துக்குப் பையன்கள் 4 மணிக்கு எழ வேண்டும். மாலை ஆட்டம் முடிந்து ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் திரும்பும்போது இரவு 10 ஆகிவிடும். மூன்று நாள் இப்படிப் போனால் நான்காம் நாள் அரையிறுதியில் கால் ஓடாது. தோற்ற அணி அம்பயரைத் திட்டும். அவர்மேல் தப்பே இருக்காது.

மைதானத்திலிருந்து 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் படுக்கையும் சாப்பாடும் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காது என்றால் போட்டியின் அளவைக் குறையுங்கள், தூரத்தைக் கூட்டாதீர்கள். 2025 ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பையில் 24 அணிகள். அதையே சென்னை, மதுரை என்று இரண்டு ஊருக்குப் பிரித்துத்தான் நடத்தினார்கள்.

2. தேதியை மூன்று காலண்டர் வைத்துக் குறியுங்கள்

முதல் காலண்டர் மழைக்கு. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊர் எப்படி நின்றது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டர்ஃபில் தண்ணீர் வடிந்துவிடும், அணி வரும் ரயில் வராது. ஏப்ரல், மே மாதங்களை விடுங்கள், செயற்கைத் தரையின் சூடு ஷூவைத் தாண்டி ஏறும்.

இரண்டாவது தேர்வுக்கு. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். அதோடு பல்கலைக்கழக அணிகளுக்கான தென்மண்டலப் போட்டித் தேதியையும் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போய்விட்டால் உங்களிடம் வருவது இரண்டாம் அணி.

மூன்றாவது பஞ்சாங்கம். சிரிக்காதீர்கள். மழையையும் வெயிலையும் தேர்வையும் கழித்தால் மிஞ்சுவது பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிவரை. அதில் பாதிக்கு மேல் தை மாதம். முகூர்த்த நாட்களில் எழும்பூர் லாட்ஜுகளில் கல்யாண வீட்டார் இருப்பார்கள், மண்டபம் கிடைக்காது, சமையல் மாஸ்டரும் கிடைக்க மாட்டார். ஒருமுறை எங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த சமையல்காரர், முதல் நாள் மாலை, "சார், தங்கச்சி முறை கல்யாணம்" என்று கைவிரித்தார். பஞ்சாங்கத்தை முன்பே புரட்டியிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முகூர்த்தம் குறைவான ஐந்து நாளாகப் பார்த்து, கூடவே ஒரு நாள் உபரியும் சேர்த்துக் கேளுங்கள். சர்வதேசப் போட்டிகளை ஆகஸ்டிலும் இங்கே நடத்தியிருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆகஸ்டில் நடந்தது உண்மைதான். அவர்களுக்கு எல்லா ஆட்டத்தையும் மின்விளக்கில் வைத்துக்கொள்ள வசதி உண்டு, உங்களுக்கு இல்லை.

3. டர்ஃபைக் கையில் வாங்கிய பிறகே மற்றது

மைதானத்தைக் கவனிப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். வாய்மொழியாக "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னதை நம்பி அடுத்த படிக்குப் போகாதீர்கள். எழுத்தில் அனுமதி, கட்டிய பணத்துக்கு ரசீது, இரண்டும் கையில் இருக்க வேண்டும். அரசு நிகழ்ச்சியோ தேசிய முகாமோ வந்தால் உங்கள் தேதி நகரும். எழுத்தில் இருந்தால் குறைந்தபட்சம் மாற்றுத் தேதியாவது கேட்கலாம்.

அனுமதிக் கடிதத்தில் இவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, விளக்குக் கட்டணம் வாடகையில் அடக்கமா, ஜெனரேட்டர் யார் பொறுப்பு, உடைமாற்றும் அறை எத்தனை, தண்ணீர் யாருடையது. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விடுவார்கள்.

நீர்த் தெளிப்பு டர்ஃப் காய்ந்து கிடந்தால் பந்து துள்ளும், விழுந்தவன் முழங்கால் தோல் உரியும். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆடுகளம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். சுற்றியுள்ள ஓரப் பகுதியையும் சேர்த்தால் 101.4க்கு 63. ஏறத்தாழ 6,400 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நனைக்க 6,400 லிட்டர். இரண்டு மில்லிமீட்டர் என்றால் 12,800 லிட்டர், அதாவது ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரியைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம். ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம், பாதி நேரத்தில் ஒரு தெளிப்பு. மைதானத்துச் சம்ப்பில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று பம்ப் ஆபரேட்டரைக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். ஆபரேட்டர்தான் மணிக்கணக்குச் சொல்வார்.

எங்கள் முதல் போட்டியில் லாரி சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் தொடக்க விழாவுக்கு வந்தவர்களின் கார்கள் கேட்டை அடைத்து நின்றன. லாரி வெளியே, தண்ணீர் லாரிக்குள், பாதி நனைந்த டர்ஃபில் இரண்டு அணிகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. அம்பயர் 40 நிமிடம் ஆட்டத்தைத் தொடங்கவில்லை, அவர் செய்தது சரி. அதன் பிறகு ஒரு கேட் தண்ணீருக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் என்று எழுதி ஒட்டி, ஒரு மாணவனை அங்கேயே உட்கார வைத்துவிடுகிறோம்.

ஜனவரிக் காலையில் பனி இறங்கியிருக்கும். முதல் ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையை டர்ஃபில் தேய்த்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அந்தத் தெளிப்பைக் குறைத்துத் தண்ணீரை 4 மணி ஆட்டத்துக்கு மிச்சம் பிடிக்கலாம்.

4. ஃபிக்ஸ்ச்சரை (ஆட்ட அட்டவணையை) பேப்பரில் போட்ட பிறகே அணிகளை எண்ணுங்கள்

"பன்னிரண்டு பேர் கேட்டாங்க, பன்னிரண்டையும் எடுத்துக்கலாம்" என்பது அடுத்த தவறு. எத்தனை அணி என்பதை டர்ஃபின் மணி நேரம் தீர்மானிக்கட்டும்.

ஒரு ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. இடையில் 2, 10, 2 நிமிட இடைவெளி. அதிலேயே 74 நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் தடுப்பவர்கள் முகக்கவசம் மாட்ட 40 விநாடி கடிகாரம் நிற்கும். பத்து கார்னர் வந்தால் ஏழு நிமிடம் போச்சு. அட்டை, காயம், பந்து தேடல் எல்லாம் சேர்த்து 85 நிமிடம். அடுத்த அணிகள் உடம்பைச் சூடேற்ற, டர்ஃபை நனைக்க 20 நிமிடம். ஆக ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஜனவரிக் கடைசியில் சூரியன் உதிக்கவே காலை ஆறரை தாண்டும். அதனால் 7.00, 8.45, மாலை 4.15, 6.00 என்று நான்கு ஆட்டம். நடுப்பகல் வேண்டாம்.

8 அணிகளை நான்கு நான்காக இரண்டு பிரிவு ஆக்கினால் லீக் ஆட்டம் 12, மூன்று நாள். நான்காம் நாள் இரண்டு அரையிறுதி. ஐந்தாம் நாள் மூன்றாம் இடமும் இறுதியும். மொத்தம் 16. அதே டர்ஃபில் 12 அணிகளை மூன்று மூன்றாகப் பிரித்துக் காலிறுதியும் வைத்தால் 20 ஆட்டம். அந்த நான்கு ஆட்டத்துக்காக ஒரு நாள் கூடுதல் வாடகை, கூடவே 80 பேருக்குச் சோறு.

எந்த நேரம் யாருக்கு என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. மாலை 6 மணிக்கு ஆடிய அணிக்கு மறுநாள் 7 மணி ஆட்டம் தரக்கூடாது. நான் போடும் வரிசை: முதல் நாள் காலை இரண்டும் 'ஏ' பிரிவு, மாலை இரண்டும் 'பி'. இரண்டாம் நாள் ஏ, பி, ஏ, பி. மூன்றாம் நாள் மீண்டும் ஏ, ஏ, பி, பி. இதில் யாருக்கும் அந்த இடி விழாது. தவிர, கடைசிச் சுற்றில் ஒரே பிரிவின் இரண்டு ஆட்டங்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்தால், பின்னால் ஆடுகிறவர்கள் எத்தனை கோல் வேண்டும் என்று பகலெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வருவார்கள். டிராவே இரண்டு பேருக்கும் போதும் என்றால் எப்படிப்பட்ட ஆட்டம் பார்ப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாக் அவுட் ஆட்டங்களுக்குப் பின்னால் 15 நிமிடம் காலியாக விடுங்கள். சமன் ஆனால் ஷூட் அவுட், ஆளுக்கு 8 விநாடி, அணிக்கு ஐந்து பேர். 8 விநாடிதானே என்று நினைப்பீர்கள். கோல்கீப்பர் பேடோடு நடந்து வந்து நிற்பதற்கே அதைவிட நேரம் ஆகும்.

5. அழைப்பும் தகுதிப் படிவமும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஒரு அணி என்பது 18 ஆட்டக்காரர்கள், கோச், மேனேஜர் ஆக 20 டிக்கெட். அதனால் அழைப்பு 75 நாளுக்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். முதல்வர் கையெழுத்து, முன்பணம் என்று அந்தக் கல்லூரியின் உள்ளேயே இரண்டு வாரம் ஓடிவிடும்.

அழைப்போடு விதிகளையும் அனுப்பிவிடுங்கள். வயது வரம்பு, யார் ஆடலாம், எந்த ஆவணம், புள்ளிகள் சமமானால் என்ன. வயதுக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் 25 வயது வரம்பையே எடுத்துக்கொள்வது நல்லது. எல்லாக் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அது பழகியது, வாக்குவாதம் வராது.

ஆவணத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை, முதல்வர் கையெழுத்திட்ட போட்டோ ஒட்டிய படிவம். அசல் வேண்டுமா, நகல் போதுமா என்று முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். பல மாணவர்களின் அசல் சான்றிதழ் கல்லூரி அலுவலக பீரோவில் இருக்கும். அதை எடுக்க விண்ணப்பம், கையெழுத்து எல்லாம் உண்டு. போட்டிக்கு முந்தின இரவு 9 மணிக்கு "சார், காலையில வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம்" என்று கெஞ்சும் மேனேஜரை நீங்கள் பார்த்தே தீருவீர்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எட்டுப் பேருக்கும் விட வேண்டும்.

அதே கடிதத்தில் ஒரு வரி: டர்ஃப் ஷூ கட்டாயம், ஸ்டட் ஷூவுக்கு அனுமதி இல்லை. மண் தரையிலேயே பழகிய கல்லூரிகள் இன்னும் நிறைய உண்டு. அவர்களுக்காகப் போட்டிக்கு முந்தின நாள் ஒரு அணிக்கு அரை மணி நேரமாவது டர்ஃபில் பயிற்சி நேரம் ஒதுக்குங்கள். மண்ணில் நின்று தடுத்துப் பழகியவனுக்கு டர்ஃபில் பந்து வரும் வேகம் முதல் கால்பகுதி முழுக்கப் பிடிபடாது. அதற்குள் மூன்று கோல் வாங்கியிருப்பான்.

6. தங்குமிடமும் குட்டி யானையும்

எந்த ரயில் எங்கே வந்து நிற்கும் என்று அணிவாரியாக ஒரு தாள் போடுங்கள். கோவை, பெங்களூருப் பக்கத்து அணிகள் பெரும்பாலும் சென்ட்ரலில் இறங்கும். கோவில்பட்டி, மதுரைப் பக்கத்து அணிகள் எழும்பூருக்கு வரும், சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். தென் மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கம். இது தெரியாமல் கோயம்பேட்டில் வண்டியோடு காத்திருந்த தன்னார்வ மாணவனை நானே திரும்ப அழைத்திருக்கிறேன்.

இறங்கியபின் ஆட்களைக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை, மெட்ரோ இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. பெரிய காரியம் கோல்கீப்பர் பை. ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் நீளம். அணிக்கு இரண்டு. அதோடு 18 பேரின் ஸ்டிக் பைகள். காலை ஒன்பது மணி மின்சார ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னால் ஏற முடியாது, ஏறினால் இறங்க முடியாது. ஐந்து நாளைக்கும் ஒரு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகைக்கு எடுத்துவிடுங்கள். காலையில் பைகளை மைதானத்துக்கு, இரவில் அறைக்கு, நடுவில் தண்ணீர் கேன், ஐஸ், சாப்பாட்டுப் பாத்திரம். மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

அறை பார்க்கப் போகும்போது கட்டிலை எண்ணுவார்கள். நீங்கள் குழாயையும் கழிப்பறையையும் எண்ணுங்கள். 20 பேர் ஒரே நேரத்தில் ஆடிவிட்டு வந்து குளிப்பார்கள். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய்த் துணிக்கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த பேடும் சாக்ஸும் அறைக்குள் காய்ந்தால் அந்த வாசனையில் யாரும் தூங்க மாட்டார்கள்.

பெண்கள் அணிகளும் வருகின்றன என்றால் தங்குமிடம் தனிக் கட்டடமாக, பெண் பொறுப்பாளரோடு இருக்க வேண்டும். அவர்களுக்கு 6 மணி ஆட்டம் போட்டால், திரும்பிப் போக வண்டி மைதான வாசலில் முன்கூட்டியே நிற்க வேண்டும். "ஆட்டோ பிடிச்சுப் போயிடுவாங்க" என்ற பேச்சே கூடாது.

7. சாப்பாடு

8 அணிக்கு 160 பேர், அம்பயர்கள், டேபிளில் இருப்பவர்கள், தன்னார்வலர்கள் என்று ஒரு வேளைக்கு 200 இலை. மெனுவைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள், நேரத்தைப் பற்றி யோசியுங்கள். 7 மணி ஆட்டக்காரனுக்கு 5 மணிக்கு இட்லி தட்டில் இருக்க வேண்டும். கல்லூரி கேன்டீன் 7 மணிக்குத்தான் திறக்கும் என்பார்கள். அப்படியானால் அந்தக் கேன்டீன்காரர் உங்களுக்கான ஆள் இல்லை.

காலையில் வெண்பொங்கல் மட்டும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை, சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். மாலை 6 மணிக்கு ஆடும் அணி இரவு 8.30க்குத்தான் சாப்பிட வரும். அவர்கள் பங்கை எடுத்து வைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இல்லையென்றால் ரசமும் அப்பளமும்தான் மிஞ்சும்.

8. அம்பயரும் டேபிளும்

மாநில ஹாக்கி அமைப்பான ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாடு வழியாக அம்பயர்களைக் கேளுங்கள். உங்கள் கல்லூரிப் பழைய மாணவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் உங்கள் அணி ஆடும் ஆட்டத்தில் விசில் கொடுக்காதீர்கள்.

ஒரு ஆட்டத்துக்கு இருவர். ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம் என்றால் குறைந்தது ஆறு பேர். நான்கு பேரை வைத்து ஓட்டினால் ஒவ்வொருவரும் நாளைக்கு இரண்டு ஆட்டம் ஓட வேண்டும். மூன்றாம் நாள் 'டி'க்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள்) நடந்தது அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் அவர்கள் 23 மீட்டர் கோட்டில்தான் வந்துகொண்டிருப்பார்கள்.

டேபிளில் மூன்று பேர்: கடிகாரம் ஒருவர், ஸ்கோர் ஷீட் ஒருவர், அட்டை வாங்கி வெளியே உட்காருபவரின் நேரத்தைப் பார்க்க ஒருவர். பச்சை அட்டை 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5. ஒரே ஆளிடம் மூன்றையும் கொடுத்தால் மஞ்சள் வாங்கியவன் நாலாவது நிமிடத்திலேயே உள்ளே போய்விடுவான். எதிரணி கோச் நிறுத்துக் கடிகாரத்தோடு டேபிளுக்கு வருவார்.

அம்பயர்களுக்குப் பயணப்படியும் தினப்படியும் கவரில் போட்டு அந்தந்த நாளே கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் பரிசளிப்புக் கூட்டத்தில் பொருளாளரைத் தேடி அவர்கள் அலைவது அழகாக இல்லை.

9. காயம்

ஆம்புலன்ஸ் ஒன்று மைதானத்துக்குள் நிற்க வேண்டும். 108 இருக்கிறதே என்று சொல்வது சரியில்லை, அது ஊருக்கே பொதுவானது. பிசியோ ஒருவர், ஐஸ் பெட்டி ஒன்று. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவரிடம் சொல்லி வைத்தால் தினமும் காலையில் பார் ஐஸ் வந்துவிடும்.

ஹாக்கியில் தசைப்பிடிப்பைவிடப் பல்லுக்குப் பயப்படுங்கள். பயிற்சி நேரத்தில் ஒரு பையனுக்கு ஸ்டிக் பட்டு முன்பல் வேரோடு வந்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் அதைக் குழாயில் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செய்யவே கூடாத இரண்டையும் செய்துவிட்டார். பல்லின் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது, காய விடக்கூடாது. உடனே பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பூங்கா நகர்ப் பக்கம் அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் முதலுதவிப் பெட்டியோடு அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று ஐஸில் கிடக்கும். மாலையானதும் தன்னார்வலர்கள் டீ போட்டுக் குடித்துவிடுவார்கள், மறுநாள் புதுப் பாக்கெட்.

தலையில் அடிபட்டுத் தடுமாறியவன் "நல்லாத்தான் சார் இருக்கேன்" என்றாலும் அன்று மீண்டும் இறங்கக்கூடாது. இதை மேனேஜர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் ஆட்ட நடுவில் கோச்சோடு சண்டை போட வேண்டாம்.

10. மேனேஜர் கூட்டம்

முந்தின நாள் மாலை, எல்லா அணியும் வந்து சேர்ந்தபின். தகுதிப் படிவங்களைக் கூட்டத்துக்கு முன்பே சரிபார்த்து முடித்திருக்க வேண்டும்.

ஜெர்சிகளைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். "நீலம்" என்று தாளில் எழுதிய மூன்று அணிகள் ஒரே நீலத்தோடு வருவார்கள். இரண்டாவது செட் எந்த ஆட்டத்தில் யார் போடுவது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோல்கீப்பர் நிறமும் அதில் சேர்த்தி.

புள்ளி சமமானால் முதலில் அதிக வெற்றி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், அதன் பிறகு நேருக்கு நேர் முடிவு என்ற வரிசையை உரக்கப் படியுங்கள். படிக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் நாள் மாலை எல்லோரும் கேட்பார்கள். அப்போது கையெழுத்துப் போட்ட தாளை நீட்டலாம்.

11. ஐந்து நாட்களில்

தொடக்க விழா 20 நிமிடம். முதல் ஆட்டத்துக்கு முன்பு வைக்காதீர்கள், மாலை 4 மணி ஆட்டத்துக்கு முன்பு வையுங்கள். காலையில் வைத்தால் விருந்தினர் தாமதம் நாள் முழுக்க உருண்டுகொண்டே போகும். பேனர் வைக்க மாநகராட்சி அனுமதி, மைக்குக்கும் கூட்டத்துக்கும் காவல் நிலையத்தில் கடிதம், இரண்டையும் மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

தினமும் இரவு 9 மணிக்குப் பதினைந்து நிமிடம் எல்லாப் பொறுப்பாளர்களும் நின்றபடியே பேசுங்கள். உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆகும்.

பிப்ரவரியிலும் வானம் கறுக்கலாம். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் ரேடார் படத்தை ஒரு மாணவன் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வெறும் மழைக்கு ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, இடி கேட்டால் எல்லோரும் உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மீண்டும் களம். விளக்குக் கம்பத்தடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

லீக்கிலேயே வெளியேறும் நான்கு அணிகள் மூன்றாம் நாள் மாலை திடீரென்று யாருக்கும் விருந்தாளி இல்லை என்று ஆகிவிடுவார்கள். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அரையிறுதிக் கவலையில் மூழ்கிவிடும் அமைப்பாளர்கள் உண்டு. வெளியேறிய அணிகளுக்கோ மறுநாள் இரவுதான் ரயில். அந்த ஒரு இரவுக்கும், அடுத்த நாள் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் முதலிலேயே கணக்கு வைத்திருங்கள். பங்கேற்புச் சான்றிதழையும் புறப்படும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள், தபாலில் அனுப்புகிறேன் என்று சொன்ன சான்றிதழ் எதுவும் போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெயர்களைத் தகுதிப் படிவத்தைப் பார்த்து எழுதுங்கள். 'முத்துக்குமார்' என்பது 'முத்துகுமார்' ஆகிவிட்டால் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் அந்தத் தாள் செல்லாது என்று திருப்பி விடலாம்.

12. மைதானத்தைத் திருப்பிக் கொடுப்பது

இறுதி ஆட்டம் முடிந்து பரிசளிப்பு, படம், பட்டாசு. பட்டாசு வேண்டாம். ஒரு பொறி விழுந்தால் டர்ஃபில் ஓட்டை, அதற்கு நீங்கள் கொடுத்த முன்பணம் போதாது.

அன்றிரவே பையன்கள் களைத்துப் படுத்துவிடுவார்கள். மறுநாள் காலை ஆறு பேரையாவது வரச் சொல்லிவிடுங்கள். கேலரியின் தண்ணீர் பாட்டில், கோல் வலையில் சிக்கிய டேப், ஷாமியானா கம்பத்தின் குழி, உடைமாற்றும் அறையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை. எல்லாம் எடுத்தபின் மைதான மேற்பார்வையாளரோடு நான்கு மூலையும் நடந்து, போட்டிக்கு முன் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் காட்டி, சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும். போகிற போக்கில் பம்ப் ஆபரேட்டரிடமும் சொல்லிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுத் தேதிக்கு அலுவலகத்துக்கு முன்னால் அவரைத்தான் கேட்கப் போகிறீர்கள்.